பழைய ஆர்விஐ டேக்கோமீட்டரும் எலக்ட்ரானிக் இக்னிஷனும்: முள்ளை அடக்கிய விதம்

பழைய காரில், இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்கும் சுருள்) கரண்டை அறுத்துவிடும் இயந்திர சுவிட்சான பாயின்ட்டையும், கூடவே இருக்கும் கண்டன்சரையும் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டாயிற்று. இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் டேக்கோமீட்டரின் முள் மட்டும் பேயாட்டம் ஆடுகிறது: ஐடிலில் 800 இருக்கவேண்டிய இடத்தில் 1600, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திடீரென்று பாதிக்கு விழுகிறது.

மீட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டுமுன் டயலின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஸ்மித்ஸ் மீட்டரில் ‘ஆர்விஐ’ என்றிருந்தால் அது காயிலுக்குப் போகும் கரண்டை எண்ணுகிறது. ‘ஆர்விசி’ என்றால் காயிலின் மைனஸ் முனையில் எழும் வோல்டேஜை எண்ணுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இங்கே வேலை பார்த்தது 4 சிலிண்டர், 12 வோல்ட், நெகடிவ் எர்த் (பேட்டரி மைனஸ் வண்டியின் உடலில் இணைந்தது) ஆர்விஐ மீட்டரில்.

இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயில் பிளஸுக்குப் போகும் வெள்ளை ஒயர் இந்த மீட்டரின் முதுகில் ஒரு சுற்றுச் சுற்றிப் போகும். 3 ஓம் காயிலில் பாயின்ட் மூடினால் கரண்ட் 4 ஆம்பியர் வரை ஏறும், திறந்தால் சட்டென்று அறுபடும். அந்த ஒவ்வொரு அறுபடலுக்கும் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஒரே அளவு அகலமுள்ள ஒரு பல்ஸைக் கொடுக்கிறது. அவற்றின் சராசரிதான் முள்ளைத் தள்ளுகிறது. மாட்யூல் வந்ததும் கரண்டின் வடிவம் மாறிவிடுகிறது. அறுபட்ட பிறகு வரும் அதிர்வையும் மீட்டர் ஒரு பல்ஸாக எண்ணினால் முள் இரட்டிப்பாகக் காட்டும். ஒன்று விட்டு ஒன்று தவறினால் பாதியாகக் காட்டும்.

வண்டியில் வைத்தே திருகிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். மேஜையில் வைத்துப் பார்ப்பது மேல். மீட்டருக்கு 12 வோல்ட் பேட்டரி. அதே பேட்டரி பிளஸிலிருந்து ஒரு ஒயர் மீட்டரின் சுற்று வழியாக 10 ஓம், 25 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டருக்கு, அங்கிருந்து ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டின் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்; டிரெயின், சோர்ஸ், கேட் என்று மூன்று கால்கள்) டிரெயினுக்கு, சோர்ஸ் எர்த்துக்கு. கேட்டில் சிக்னல் ஜெனரேட்டரின் 5 வோல்ட் சதுர அலை. நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சுழற்சிக்கு இரண்டு ஸ்பார்க். ஆகவே 33.3 ஹெர்ட்ஸ் என்றால் 1000, 100 என்றால் 3000, 200 என்றால் 6000.

முதலில் 3000-இல், மீட்டருக்குள்ளே இருக்கும் பிரிசெட்டை (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) திருகிச் சரிசெய்யவேண்டும், பிறகு 1000, 6000 இரண்டையும் பார்க்கவேண்டும். பிரிசெட் முழு அளவையும் சேர்த்தே ஏற்றி இறக்கும். நடுவில் சரியாகவும் ஓரங்களில் தப்பாகவும் காட்டினால் அதைத் திருகிப் பயனில்லை. அப்போது பல்ஸ் அகலத்தைத் தீர்மானிக்கும் பழைய கெப்பாசிட்டரை மாற்றவேண்டும். முள்ளே எழாவிட்டால், ஒயர் சுற்றியிருக்கும் திசையை மாற்றிப் பாருங்கள். பாசிடிவ் எர்த்திலிருந்து மாற்றிய வண்டிகளில் பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

மேஜையில் சரியாகக் காட்டி, வண்டியில் மட்டும் துள்ளினால் குற்றவாளி மீட்டர் அல்ல. மாட்யூலின் சிவப்பு ஒயரை மீட்டருக்கு முன்பே, சுவிட்ச் பக்கத்திலிருந்து எடுங்கள். சுற்றில் காயில் கரண்ட் மட்டும் ஓடட்டும். அப்படியும் இரட்டிப்பாகக் காட்டினால் சுற்றைக் குறைத்து ஒயரை ஒரே ஒருமுறை நுழைத்துப் பாருங்கள். விட்டுவிட்டு எண்ணினால் ஒரு சுற்றுக் கூட்டுங்கள். வெறும் செம்புக் கம்பி பிளக் ஒயர் இருந்தால் அதையும் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக மாற்றிவிடுவது நல்லது. ஒன்றை நினைவில் வையுங்கள்: காயிலின் முழுக் கரண்டும் இந்தச் சுற்று வழியாகத்தான் போகிறது. மீட்டருக்குப் பின்னால் கனெக்டர் தளர்ந்தால் இன்ஜின் நின்றுவிடும். நடுவழியில் அப்படி ஆனால், மீட்டருக்கு வரும் வெள்ளை ஒயரையும் போகும் ஒயரையும் நேரடியாக இணைத்துவிட்டால் வண்டி ஓடும்.

சிடிஐ பெட்டி (கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலில் கொட்டும் இக்னிஷன்) போட்டவர்களுக்கு இந்தச் சுற்று வேலை உதவாது. பெட்டி பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் இழுத்து, காயிலுக்குச் சில நூறு வோல்ட்டைக் கொட்டுகிறது. காயிலில் எந்த மீட்டரையும் தொடுக்காதீர்கள். மேலே சொன்ன மேஜைச் சர்க்யூட்டையே வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தலாம். பெட்டியின் டேக்கோ அவுட்புட் 12 வோல்ட் சதுர அலையாக இருந்தால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்து எர்த் செய்து, நடுப்புள்ளியை கேட்டுக்குக் கொடுங்கள். நேராகக் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் ஓடும்போது கேட்டின் 16 வோல்ட் வரம்பை மிக நெருங்கிவிடும்.

ஆர்விசி மீட்டர் இந்தச் சதுர அலைக்கு அசையாமல் இருந்தால், அது எதிர்பார்ப்பது பாயின்ட் திறக்கும்போது எழும் உயர் வோல்டேஜை. 12 வோல்ட் ரிலே ஒன்றின் காயிலில் ஒரு முனையை 12 வோல்ட்டுக்கும், மறுமுனையை 500 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்840-இன் டிரெயினுக்கும் கொடுத்து, அந்த டிரெயினிலிருந்து மீட்டருக்கு ஒயர் இழுக்கவேண்டும். உள்ளே டயோடு வைத்த ரிலே வேண்டாம். வேண்டிய வோல்டேஜ் துள்ளலையே அது விழுங்கிவிடும். ரிலேயின் தகடு ‘டிர்ர்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், மூடியைத் திறந்து ஒரு துளி எபாக்ஸி வைத்து அதை ஒட்டிவிடுங்கள்.