உயர்மின் கம்பிகளுக்குக் கீழே ஒரு பாத்தி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் நடந்து போய் வாங்கலாம். ஆனாலும் பன்னிரண்டாம் மாடியில் ஆறு வருடம் விருந்தாளியைப் போலத்தான் இருந்தேன்.

பலரும் பங்கிட்டுப் பயிரிடும் பொதுத் தோட்டத்தில் ஒரு துண்டுக்கு விண்ணப்பித்து, இரண்டு கோடை காத்திருந்தேன். கிடைத்த இடம், ரூஜ் பூங்கா வரை 16 கிலோமீட்டர் நீளும் மெடோவே மின்கம்பித் தடத்தில். கம்பிகளுக்குக் கீழே மரம் வைக்க முடியாது. முருங்கை ஆசை முதல் நாளே போயிற்று.

முதல் வருடம் ஏப்ரல் கடைசியில் நான்கு நாள் வெயில் எறித்ததை நம்பி மிளகாயும் கத்தரியும் நட்டேன். ஒரே இரவு உறைபனி. காலையில் நாற்றெல்லாம் அவித்த கீரை போலக் கிடந்தன. பக்கத்துத் துண்டு இத்தாலியத் தாத்தா, "விக்டோரியா தினத்துக்கு முன்னர் நடாதே" என்றார். அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை. அவர் வீட்டில் அத்தி மரம் இருக்கிறது. குளிர் வருமுன் ஒரு பக்க வேரை அறுத்து, மரத்தைச் சாய்த்துக் குழியில் படுக்கவைத்து மண் மூடுவாராம், வசந்தத்தில் நிமிர்த்துவாராம். நான் நான்கு நாற்றுக்கு அழுதுகொண்டு நின்றேன்!

மறுவருடம் மார்ச்சிலேயே வீட்டுக்குள் விதை போட்டேன். மே நடுவில் நாற்றுகளைப் பகலில் பால்கனியிலும் இரவில் உள்ளேயும் வைத்து, ஒரு கிழமை பழக்கியபின் நட்டேன். ஓகஸ்டில் பயித்தங்காய் முழ நீளத்துக்குத் தொங்கியது. எதிர்த் துண்டுச் சீன அம்மாவின் பந்தலிலும் அதே காய். பேச மொழியில்லை, விதை மாற்றிக்கொண்டோம். அவருடையது முந்திக் காய்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கீரை மிஞ்சியது. மின்தூக்கியில் என் பையைக் கண்ட எட்டாம் மாடி அக்கா, "தங்கச்சி, இது கடைக்கீரை இல்லையே?" என்றார். பாதியைக் கொடுத்தேன். மறுநாள் மாலை, கடைந்த கீரையோடு கதவைத் தட்டினார். கட்டணச் சீட்டுக்காரரைத் தவிர அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

கறிவேப்பிலை மட்டும் சாடியில். ஒக்டோபரில் உள்ளே எடுத்ததும் இலை கொட்டும். பதறித் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

நேற்று மிளகாய் விதையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். வீட்டில் அங்கேதான் சூடு. அக்காவுக்கும் சேர்த்து இருபது விதை.