ஓட்டச் சிக்கனம்: தேர்வில் நான் தவறவிட்ட கணக்கு

முதுநிலை உடற்கல்விப் படிப்பில், நெடுந்தூர ஓட்டக்காரரின் ஆக்சிஜன் பயன்பாட்டைப் பயிற்சி எவ்வாறு மாற்றுகிறது என்ற கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியும் நான் பாதி மதிப்பெண்கூடப் பெறவில்லை. பயிற்சி கூடக்கூட விஓ2 மேக்ஸ் எனப்படும் உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பும் கூடிக்கொண்டே போகும் என்று நம்பி விடை முழுவதையும் அமைத்திருந்ததே காரணம். புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு அது பொருந்தும். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தம் கூடுவதால் சில மாதங்களிலேயே உச்ச அளவு உயர்கிறது. ஆண்டுக்கணக்கில் பயின்றவரிடம் அந்த உயர்வு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இதை எனக்குத் தெளிவாக்கியது, பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் பற்றி உடலியங்கியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு. 1992 முதல் 2003 வரை ராட்கிளிஃபின் உச்ச அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 70 மில்லிலிட்டராகவே இருந்தது. ஆனால் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க, கிலோ எடைக்குச் செலவான ஆக்சிஜன் சுமார் 205 மில்லிலிட்டரிலிருந்து 175 ஆகக் குறைந்தது. இப்படி ஒரே வேகத்தில் ஓடக் குறைந்த ஆக்சிஜனே செலவாவதைத்தான் ஓட்டச் சிக்கனம் என்கிறோம். 2003இல் லண்டன் மாரத்தானை அவர் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தார்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், தாளில் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 3.75 நிமிடம் ஆகும். 205ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 55, 175ஐ வகுத்தால் 47. அதாவது, முன்பு உச்ச அளவில் 78 விழுக்காட்டைக் கேட்ட அதே வேகம், பின்னர் 67 விழுக்காட்டையே கேட்டது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் ஓட்டச் சிக்கனம் என்ற சொல் பிறகு மறக்காது.

சிக்கனமும் செயல்திறனும் ஒன்றல்ல என்பதையும் விடையில் எழுதுங்கள். செய்த வேலையைச் செலவான ஆற்றலோடு ஒப்பிடுவது செயல்திறன். மிதிக்கும் திறன் வாட்டில் தெரியும் சைக்கிள் எர்கோமீட்டரில், அதாவது ஆய்வகத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில், அதை எளிதில் அளக்கலாம். ஓட்டத்தில் வேலையை அப்படி அளக்க முடியாததால்தான் ஆக்சிஜன் செலவைக் கொண்டு சிக்கனத்தை மதிப்பிடுகிறோம்.

வாய்ப்பிருந்தால் ஒரு டிரெட்மில் சோதனையை அருகிலிருந்து பாருங்கள். மூச்சுக்காற்றை அளக்கும் முகமூடியணிந்தவர் மிதமான வேகத்தில் ஓடத் தொடங்கியதும் திரையில் ஆக்சிஜன் எண் விறுவிறுவென ஏறி, இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரு மட்டத்தில் நிலைகொள்ளும். சிக்கனத்தைக் கணக்கிட அந்த நிலைத்த எண்ணையே எடுக்க வேண்டும். லாக்டேட் வாசலை, அதாவது இரத்தத்தில் லாக்டேட் சேரத் தொடங்கும் வேகத்தைத் தாண்டி ஓடும்போது எண் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும் என்பதாலும், ஆக்சிஜனின்றிக் கிடைக்கும் ஆற்றல் அந்த அளவீட்டில் சேராது என்பதாலும் அங்கே எடுத்த எண் சிக்கனத்தைக் காட்டாது.