ஆபீஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று: என் ஹெட்போன் ஏற்பாடு இதுவரை

ஒரே ஹெட்போனை ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சுமந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு, இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக ஏற்பாடு செய்ய ஆரம்பித்தேன். இப்போது வேலை ஏறக்குறைய முடியும் நிலையில் இருக்கிறது. எந்த மாடல் உசத்தி என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். நாம் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் என்ன சத்தம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் வாங்கினேன்.

ஆபீஸில் தலைக்கு மேலே ஏசி இரைச்சல், பக்கத்து வரிசையில் நாள் முழுக்க ஃபோன் பேச்சு. அங்கே குளோஸ்டு பேக் (காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்கும் வகை) தவிர வேறு எதுவும் சரிப்படாது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் வகையை எடுத்தேன் (ஓம் என்பது இம்பீடன்ஸ், அதாவது மின்தடையின் அளவு; அது கூடக் கூடப் பொதுவாக அதிக வோல்டேஜ் வேண்டும்). வெளிச்சத்தத்தை ஏறக்குறைய 18 டெசிபெல் குறைக்கும் என்பது கம்பெனி தரும் கணக்கு. நாய்ஸ் கேன்சலிங் வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். ஏசி மாதிரி சீராக வரும் அடிச்சத்தத்தை அது அருமையாக அடக்கும்; பேச்சுக்குரலை அந்த அளவுக்கு அடக்காது. எனக்குத் தொல்லையே பேச்சுக்குரல்தான்.

வெளிச்சத்தம் குறைவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமலே வால்யூமைக் கூட்டிவிடுவோம். பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது: 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10. வேலை நேரம் முழுக்கக் காதில் மாட்டியிருப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

காதைச் சுற்றி அமரும் மெத்தை, அதாவது பேட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சென்னை வெயிலுக்குச் செயற்கைத் தோல் பேட் சரிவராது. வியர்வை பிடித்து, சில வருஷத்தில் கறுப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். இதில் வருவது வெல்வெட் போன்ற சாம்பல் நிறத் துணி பேட். காது வேகாமல் இருக்கிறது. கேபிள் 3 மீட்டர் நீளம், கழற்ற முடியாது. சுருட்டி, வெல்க்ரோ பட்டை போட்டு மேஜைக்கு அடியில் கட்டிவிட்டேன்.

இதன் ட்ரெபிள் (கீச்சென்ற மேல் ஒலிகள்) தூக்கலானது. 8, 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. கஞ்சிராவின் சலங்கைச் சத்தமும் பாடகர் உச்சரிக்கும் ‘ஸ’வும் கூசும். ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி) அந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். ஆபீஸ் லேப்டாப்பில் எந்த மென்பொருளும் போட அனுமதி இல்லை. அதனால் பாட்டுக்கு என் ஃபோன், அதில் ஒரு ஈக்யூ ஆப், ஃபோனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மாட்டும் ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிள். 80 ஓமுக்கு இதுவே தாராளம்.

வீட்டில் கதை வேறு. இரவில் எல்லோரும் படுத்த பிறகுதான் கேட்கிறேன், அதனால் ஓப்பன் பேக் (கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் வகை). சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்த மாடல், இன்றும் விற்பனையில் இருக்கிறது. பேட், கேபிள், தலைப்பட்டை என்று எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம் என்பதே எனக்குப் பாதி காரணம். மீதி காரணம் குரல். தம்புராவின் ஜீவாரி (தந்தியின் ரீங்காரம்) மெல்ல விரிந்து அடங்குவதும், அதன் நடுவே பாடகர் மூச்சு எடுப்பதும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. ஆழமான பேஸ் இதில் குறைவு. மிருதங்கத்தின் தொப்பிக்கு (கனத்த ஒலி தரும் பக்கம்) அது போதும். இன்றைய சினிமாப் பாட்டின் அதிரும் பேஸுக்குப் போதாது.

ஆனால் ஓப்பன் பேக் என்றால் அறைச்சத்தம் அப்படியே உள்ளே வரும். ஃபேனை அணைத்துவிட்டு உட்கார இந்த ஊரில் மார்கழி, தை மாதங்களில்தான் முடியும். குறைந்த வேகத்தில் ஓடும்போதும் ஒரு ‘ம்ம்ம்’ கேட்டுக்கொண்டே இருந்தது. காற்றுச் சத்தம் இல்லை, மோட்டாரின் முனகல். காரணம் ரெகுலேட்டர்: திருகித் திருகி வேகம் மாற்றும் எலெக்ட்ரானிக் வகை மின்சார அலையை வெட்டி வெட்டித்தான் அனுப்பும், மோட்டார் அதற்கு முனகும். எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொன்னேன். “கப்பாசிட்டர் டைப் போட்டுடலாம் தம்பி, சத்தமே இருக்காது” என்றார். படிப்படியாக மாறும் அந்த வகையைப் போட்டதும் முனகல் போயே போய்விட்டது. சில நூறு ரூபாய்ச் செலவு. இந்த ஏற்பாடு முழுவதிலும் காதுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டிய செலவு வேறு இல்லை.

அப்புறம் ஆம்ப். எச்டி 600-இன் இம்பீடன்ஸ் 300 ஓம். டாங்கிளில் மாட்டினால் இன்றைய பாட்டுகள் போதுமான சத்தத்தோடு கேட்கும். பழைய கச்சேரிப் பதிவுகள் அப்படி இல்லை. ஒலி அளவு குறைவாகவே பதிவாகியிருக்கும், வால்யூமை முழுக்க வைத்தாலும் எட்டாது. அதற்காகத்தான் மேஜை மேல் வைக்கும் டாக்-ஆம்ப் (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றிப் பெருக்கித் தரும் பெட்டி) ஒன்று வாங்கினேன். ஒலித்தரம் எவ்வளவு கூடுகிறது என்று தெரிய வேண்டும் இல்லையா? 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, இரண்டின் ஜாக்கிலும் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்த்து வால்யூமைச் சமமாக வைத்தேன். கொஞ்சம் சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நன்றாகவே தோன்றும் என்பதால் இது முக்கியம். தம்பி எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தான். சத்தம் எட்டுகிற பாட்டுகளில் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஆம்ப் வேண்டியது சத்தத்துக்காக, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பணத்தை முதலில் ஹெட்போனில் போடுங்கள், அடுத்தது அறை, ஆம்ப் கடைசியாக.

வீட்டு கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஈக்யூ மென்பொருளைப் போட்டிருக்கிறேன், இலவசம்தான். பேஸை 4 டெசிபெல் ஏற்றினால் அதிலேயே ப்ரீஆம்பை (மொத்த ஒலி அளவு) அதே அளவு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உச்ச இடங்களில் ஒலி கரகரக்கும்.

பாக்கி இருப்பது ஜன்னல். தெருவில் போகும் பைக் சத்தம் கதவு இடுக்கு வழியாக வருகிறது. ரப்பர் பீடிங் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்ட வேண்டும்.