மூன்று ஆளாகிப்போன என் பெயர்

போன வருடம் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஒரு கட்டம்: ஸ்கோபஸ் ஹெச்-இன்டெக்ஸ், மொத்த மேற்கோள்கள், அச்சுப் பிரதியுடன். ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றை யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் தொகுக்கும் தரவுத்தளம்; ஹெச்-இன்டெக்ஸ், அந்த மேற்கோள்களை வைத்து ஓர் ஆராய்ச்சியாளருக்குப் போடும் எண். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். ஏழு வாரம் ஆயிற்று. இன்ஷியல் வைத்திருக்கும் எந்த ஆராய்ச்சியாளருக்கும் இது நேரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் மூலக்கூறு உயிரியல் படித்தவள். சொந்த ஊர் கோத்தகிரி பக்கம், வேலை ஊட்டிக்கு அருகே, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் ஒரு நுண்புழுவைப் பற்றி. இந்தியாவில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுவை முதன்முதலில் 1961-ல் கண்டது எங்கள் நீலகிரியில்தான். குண்டூசித் தலையை விடச் சிறிய ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். கிழங்கே போடாவிட்டாலும் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். இதில் குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ், குளோபோடெரா பல்லிடா என்று இரண்டு இனங்கள். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம், பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடும். ஒன்றைத் தாங்கும் கிழங்கு ரகம் மற்றதைத் தாங்காமல் போகலாம். அதனால் எங்கள் விவசாயிகளுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை.

ஸ்கோபஸில் தேடியபோது என் பெயரில் ஆறு கட்டுரைகள், ஹெச்-இன்டெக்ஸ் 4 என்று வந்தது. நான் எழுதியவை பதினான்கு. நூலகரைக் கூப்பிட்டேன். அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்: "மேடம், உங்க பேரு இதுல மூணு ஆளா இருக்கு."

ஆய்வு மாணவியாக இருந்தபோது பெயருக்கு முன்னால் அப்பாவின் ஒற்றை எழுத்து. பிறகு ஓர் இதழ் குடும்பப் பெயர் இல்லாமல் ஏற்க மாட்டோம் என்றதால் அப்பாவின் முழுப் பெயரைப் பின்னால் போட்டேன். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கணவர் பெயர். கணினிக்கு மூவரும் வேறு வேறு பெண்கள். இதயநோய் பற்றிய இரண்டு கட்டுரைகளும் என் கணக்கில் கிடந்தன. அவை அதே பெயரும் இன்ஷியலும் கொண்ட வேறொருவருடையவை. அவற்றையும் நீக்கச் சொன்னேன். அது இன்னொருவரின் உழைப்பு.

முதலில் ஆர்கிட் எண் எடுத்தேன், பெயர் எப்படி மாறினாலும் ஓர் ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் எண். பதினாறு இலக்கம், இலவசம். 2012-ல் வந்த ஏற்பாடு, நான் அதுவரை எடுக்கவே இல்லை. மூன்று பெயர்களையும் அதில் பதிந்தேன். அடுத்து ஸ்கோபஸில் ஆசிரியர் திருத்தப் படிவம். மூன்று சுயவிவரங்களையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் என்னுடையது, என்னுடையதல்ல என்று குறித்து, அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும். முதல் முறை பாதியில் மழையில் இணைப்பு போய் எல்லாம் அழிந்தது. மறுநாள் விடியற்காலையில் மறுபடி உட்கார்ந்து முடித்தேன். சில வாரம் கழித்து மூவரும் ஒருவரானோம். ஹெச்-இன்டெக்ஸ் 6.

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு இது. ஆறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் 6. பெயர் உடைந்தால் மேற்கோள் தொலைவதில்லை, ஆனால் இந்த எண் சரிந்துவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. என் கட்டுரை ஒன்றை வெளியான ஆண்டைத் தப்பாகப் போட்டு இருவர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அந்த மேற்கோள்கள் என் கட்டுரையோடு சேராமல் தனியே கிடந்தன. நூலகர்தான் தேடி எடுத்தார். இரண்டு கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலையும் இணைத்து எழுதிய பிறகு சேர்த்தார்கள். எண் 7 ஆயிற்று. கூகுள் ஸ்காலரில் 9 காட்டும். அங்கே ஆய்வேடு, முன்வரைவு எல்லாமே கணக்கில் வரும். படிவம் கேட்டது ஸ்கோபஸ், அதையே கொடுத்தேன்.

இந்த ஏழு வாரமும் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒன்று மனதில் தங்கிவிட்டது. என் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றது, ஒற்றைக் கூட்டிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முறை பற்றிய நான்கு பக்கம். செய்முறைக் கட்டுரைகளுக்கு எப்போதுமே அப்படித்தான். புரதம் அளக்கும் முறையைப் பற்றி லௌரி குழுவினர் 1951-ல் எழுதியது மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றிருக்கிறது. கேத்தி பள்ளத்தாக்கில் இரண்டு வருடம் வயல் வயலாக மண் எடுத்து, எந்த நிலத்தில் எந்த இனம் என்று எழுதிய கட்டுரைக்கு மேற்கோள் நான்கு. அதற்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். மண் கொடுத்த வயலின் பெரியவர் ஒருவர், "எங்க நெலத்துல எது இருக்குன்னு சொல்லிடும்மா, அதுக்கேத்த மாதிரி வெதைக்கிறேன்" என்று கேட்டு வாங்கிப் போனார். அடுத்த போகத்தில் அந்த நிலத்தில் கேரட் போட்டிருந்தார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஒரு தனித் தாளில் எழுதி, அச்சுப் பிரதிக்குப் பின்னால் வைத்து அனுப்பினேன். இப்போது என்னிடம் சேரும் மாணவிகளிடம், முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே எந்தப் பெயரில் எழுதப் போகிறாய் என்று கேட்டுவிடுகிறேன்.