வீட்டு யன்னலுக்கு வலை இல்லை, வானுக்கு இருக்கு

நான் 95 இடம்பெயர்வுக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போன ஆள், மனுசி அங்கயே பிறந்து வளந்தவ, இப்ப ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்தில வந்து குந்தியிருக்கிறம், அவவுக்கு இது முழுசாப் புது நாடு, எனக்கு அரைவாசி. வந்ததும் காணி வாங்கேல்ல, கடை போடேல்ல, தெற்கில வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு ஓடின ஒரு பழைய ஹையேஸ் டொல்பின் வான், உள்ளுக்குக் கட்டிலும் அடுப்பும் வச்சது, அதைத்தான் வாங்கினம். "வீடு வாசல் இருக்க ஏன் பிள்ளையள் வானுக்க படுக்கிறியள்" எண்டு மாமி இண்டைக்கும் கேக்கிறா. மணற்காட்டில கடலைப் பாத்து எழும்புறதுக்கு எண்டு சொன்னா ஆருக்கு விளங்கும்.

எஞ்சின் நல்லம், யன்னல் வலைதான் போச்சு. ஃபைபர் கிளாஸ் வலை, வெயில் பட்டுப் பட்டு தொட்டாலே பொடியாக் கொட்டுது. பிரேம் அலுமினியம், ஆனா ஆரோ இரும்பு ஸ்குரூ அடிச்சிருக்கினம், உப்புக்காத்தில ரெண்டும் ஒட்டிக்கிடந்தா அலுமினியத்தைத்தான் முதல் தின்னும், ஓட்டையைச் சுத்தி வெள்ளையாப் பொருமிப் போய்க் கிடந்தது. ஜேர்மனி எண்டா மொடலைத் தட்டி ஓர்டர் பண்ணியிருப்பன். இங்க வீட்டுக் கதவு யன்னல் செய்யிற அலுமினியக் கடைதான் கதி.

"அண்ணை இது பஸ் யன்னலோ?"

"இல்லைத் தம்பி, நாங்கள் படுக்கிற வான்."

பெடியன் ஒரு பார்வை பாத்தான், ஆனா வேலை தெரிஞ்சவன். வலையைப் பிரேமின்ர தவாளிப்புக்க இறுக்கிப் பிடிக்கிற பழைய ரப்பர் பீடிங்கில ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனது நல்லதாப் போச்சு, தடிப்புக் கூடினா தவாளிப்புக்க இறங்காது, குறைஞ்சா வலை கழண்டு வரும். பிரேமை மேசையில வச்சு உள்பக்கம் பலகைத்துண்டு அடிச்சு முட்டுக் குடுத்தான், ஏனெண்டா வலையை இழுக்க நீளப்பக்கம் உள்ளுக்கு வளையும், வளைஞ்சா அந்த நீக்கலுக்கால நுளம்பு ஊர்வலம் வரும். வலையைச் சுத்திவர ரெண்டு அங்குலம் கூட விட்டு, மூலையில தொடங்கி சின்னச் சில்லால பீடிங்கை அமத்திக்கொண்டு போறது, கையால விறைக்க இழுக்கக் கூடாதாம், பீடிங் இறங்கேக்க அதுவே இழுத்துக்கொள்ளும். மிச்சத்தை பிளேட்டால வெளிப்பக்கமா வெட்டி விடுறது.

சண்டை வந்தது வலைக்கண்ணிலதான். சாதாரண வலை அங்குலத்துக்கு 18க்கு 16 கண், நுளம்புக்குக் காணும், ஆனா கடற்கரைச் சின்னப்பூச்சி புகுந்திடும். 20க்கு 20 போட்டா பூச்சியும் குறையும், காத்தும் குறையும். சித்திரை மாசம் யாழ்ப்பாணத்தில காத்தில்லாம ஒரு வானுக்க படுத்துப் பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ. மனுசிக்குப் பூச்சி ஆகாது, எனக்குப் புழுக்கம் ஆகாது, கடைசியில பக்க யன்னலுக்குப் பெரிய கண், பின்கதவுக்குச் சின்னக் கண்.

பகல்ல வலையைக் கழட்டி வைப்பம் எண்டு நான் சொன்னன், அதுவும் சரிவரேல்ல. இலங்கையில மலேரியா இல்லை எண்டு 2016ல உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சிட்டுது, டெங்கு அப்பிடியில்லை, மாரி மழையோட கூடும், அந்த நுளம்பு கடிக்கிறதே பகலிலதான்.

ஒரு வலை மட்டும் பழுதில்லை, சின்னக் கிழிசல். அதைக் குருநகரில வலை பொத்துற ஐயா ஒருவர் தங்கூசி நைலோன் நூலால தைச்சுத் தந்தார், "உதில என்ன மீன் தம்பி பிடிக்கப்போறியள்" எண்டு சிரிச்சதோட சரி, காசு வாங்கேல்ல.

வீட்டில பாத்தா யன்னலுக்கு வெறும் கம்பிதான், "வானுக்கு அடிச்சதை வீட்டுக்கு அடிச்சாலும் பரவாயில்லை" எண்டு மாமி. சரி எண்டு மிஞ்சின வலையைக் குடுத்தன், அவ அதை யன்னலுக்கு அடிக்கேல்ல, காகம் கொத்தாம வேப்பம்பூ வடகத்துக்கு மேல விரிச்சிட்டா. வானில சாரதிப் பக்கத்து யன்னலுக்கு இன்னும் வலை இல்லை, திரும்ப ரவுணுக்குப் போகோணும்.