கத்தரி பிடித்த கை

2024 அக்டோபர் 9, புதன்

நேற்று ராத்திரியும் இரண்டரை மணிக்கு விழிப்பு. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், உள்ளே எறும்பு ஊர்ந்தது. கட்டிலை விட்டு இறங்கி, ஈரக் கையை உதறுவது போல உதறிக்கொண்டே நடந்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. இரண்டு வருஷமாக இதே கதைதான். வாயு என்றார் மாமியார். ஒரு டாக்டர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கழுத்துப் பட்டை கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு குனிந்து ப்ளவுஸ் தைக்க முடியுமா? ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போய்விட்டது.

இன்றைக்குப் பகலில் நடந்ததுதான் பயமாக இருக்கிறது. ஹெம்மிங் போடும்போது ஊசி விரலில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை, துணியில் சிவப்பாகப் பொட்டு விழுந்த பிறகுதான் பார்த்தேன். அதுவும் கிளிப்பச்சைப் பட்டு. எச்சில் தொட்டு எடுத்துவிட்டேன். (தன் ரத்தக்கறைக்குத் தன் எச்சில்தான் மருந்து என்று தையல்காரர்களுக்குத் தெரியும்.)

அக்டோபர் 15, செவ்வாய்

மதுரையில் கை அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டதே, "சுண்டுவிரல் மரக்குதாம்மா?" இல்லை. மோதிர விரலில்கூடப் பாதிதான். "அப்ப கழுத்து இல்லை, மணிக்கட்டு" என்றார். இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார். இருபது எண்ணுவதற்குள் எறும்பு வந்துவிட்டது. மணிக்கட்டில் விரலால் தட்டினார், நடுவிரல் வரை சுரீர்.

அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டைவிரல் அடியில் மேடாக இருக்கும் சதை இடது கையில் இருக்கிறது, வலது கையில் தட்டையாகிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாகக் கத்தரி பிடிக்கும் கை. தினமும் பார்க்கிறேன், கண்ணில் படவில்லை.

நோயின் பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் குழிவாக நிற்கின்றன, மேலே கெட்டியான நார் கூரை போட்டிருக்கிறது. நடுவில் உள்ள சந்தில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. அவர் படம் வரைந்தார், எனக்குப் பாவாடை நாடாப் பட்டிதான் தெரிந்தது. ஒரு பட்டிக்குள் ஒன்பது நாடாவைத் திணித்து, கூடவே ஒரு நூலையும் விட்டால் எது நசுங்கும்? ஆபரேஷன் என்பது அந்தப் பட்டியைப் பிரித்துவிடுவதுதான். சரி, புரிந்துவிட்டது.

நரம்புச் சோதனையில் குட்டிக் குட்டியாக ஷாக் வைத்தார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் ஸ்பிளிண்ட் பட்டை, ஒரு ஸ்டீராய்டு ஊசி என்று பார்த்திருக்கலாமாம். சதை கரைந்த பிறகு தள்ளிப்போடக் கூடாதாம். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொன்னார், இரண்டுமே இந்தத் தொல்லையைக் கூட்டுமாம். நான் தீபாவளி முடியட்டும் என்றேன். அறுபத்து மூன்று ப்ளவுஸ் வாங்கி வைத்திருக்கிறேன், யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அவர் முகம் சுளித்தார். அதுவரை ராத்திரியில் போட ஸ்பிளிண்ட் கொடுத்தார்.

நவம்பர் 14, வியாழன்

இதை நான் சொல்லச் சொல்ல மகள் டைப் அடிக்கிறாள்.

மயக்கம் கொடுக்கவில்லை. உள்ளங்கை அடியில் மரப்பு ஊசி போட்டபோது எரிந்ததே, அதுதான் மொத்த ஆபரேஷனிலும் பெரிய வலி. மருந்தோடு அட்ரினலினும் கலந்திருப்பதால் ரத்தம் அதிகம் வராது, மேல்கையில் இறுக்கிக் கட்டவும் தேவையில்லை என்றார்கள். அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளங்கை வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆனது.

கேமரா விட்டுச் சின்னத் துளையில் செய்வதும் உண்டு, சில மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். செலவு குறைந்ததைச் சொன்னேன். மூன்று சென்டிமீட்டர் வெட்டு. தடித்த காடாத் துணியைக் கத்தரி கடிக்கிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டதற்கு, "உங்க தொழில் உங்களை விடாதும்மா" என்று சிரித்தார். கடைசியில் தையலைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தேன். கறுப்பு நைலான், ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஓட்டுத் தையல் இல்லை. நெருக்கமும் சரியாக இருந்தது, என் கடையில் தைக்கும் பெண்களுக்குக் காட்டலாம்.

கட்டோடு வீட்டுக்கு வந்தாயிற்று. கையை நெஞ்சுக்கு மேலேயே வைத்திருக்கவேண்டும், விரல்களை மட்டும் இன்றிலிருந்தே மடக்கி நீட்டவேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

காலை ஆறரை வரை தூங்கினேன். அவர் பயந்துபோய் வந்து எழுப்பினார்.

நவம்பர் 27, புதன்

தையல் பிரித்தாயிற்று. தழும்பை விட, அதற்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அடியில் கையை ஊன்றினால் உயிர் போகிறது. சப்பாத்தி மாவை அழுத்த முடியவில்லை, தரையில் கையூன்றி எழ முடியவில்லை. எல்லோருக்கும் வருவதுதானாம், சில மாதம் இருக்குமாம். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை நீவிவிடச் சொன்னார்கள்.

விரல் நுனி இன்னும் மந்தம்தான். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். டேப்பை எடுத்து மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்துப் பார்த்தேன். பதினெட்டு சென்டிமீட்டர். நூற்றெண்பது நாள். அத்தனையும் வளரவேண்டுமா, நசுங்கினது நிமிர்ந்தால் போதுமா என்று கேட்க மறந்துவிட்டேன். கரைந்த சதை திரும்புமா என்று கேட்டேன், "பார்க்கலாம்மா" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும். நாளைக்கு ப்ளவுஸ் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. அகலுக்குத் திரி போடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டியும் திரியைத் தேடவில்லை. இருக்கிற இடம் தெரிந்தது. மழை வேறு, பாதி விளக்கு அணைந்துவிட்டது.

2025 பிப்ரவரி 12, புதன்

மூன்று மாதம். பெரிய கத்தரியை எடுத்தேன், லைனிங்கோடு இரண்டு மடிப்பு வெட்ட முடிகிறது. நாலு மடிப்பென்றால் பாதியில் கை நின்றுவிடுகிறது, அதைப் பெண்கள் வெட்டுகிறார்கள்.

மத்தியானம் வேலை இல்லாத நேரத்தில் ஒருத்தி என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி, "இது என்ன துணி சொல்லுங்கக்கா" என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்தாள். ரூபியா. பாப்ளின். சாட்டின், அது குழந்தைக்கும் தெரியும். நாலாவதைப் பட்டு என்றேன், ஆர்ட் சில்க்காம். எல்லோரும் சிரித்தார்கள். முன்பெல்லாம் அதில் ஏமாறமாட்டேன்.

கட்டைவிரல் மேடு அப்படியே தட்டையாகத்தான் இருக்கிறது.

போன வாரத்திலிருந்து விடியற்காலையில் இடது கை நடுவிரலில் எறும்பு. வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. ராத்திரிக்குப் போடலாமென்று பீரோவில் தேடினால் ஸ்பிளிண்ட் வலது கைக்கானது. பிரித்து, உள்ளே இருந்த தகட்டை மாற்றி வைத்து, கட்டைவிரல் ஓட்டையை மறுபக்கம் வெட்டி, இடது கைக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வெல்க்ரோ மட்டும் புதிதாக வாங்கவேண்டும்.