சுருதிக் குழாய்: ஒரு கற்பனை ஊரின் நாட்குறிப்பு

நவம்பர் 8, குன்னூர்

கதைக்கான உலகத்துக்கு இரண்டு விதி போட்டுக்கொண்டேன். அங்கே மின்சாரம், பெட்ரோல், நிலக்கரி எதுவும் கிடையாது. மில் ஓடுவதும் சேதி போவதும் ஒலியாலும் அதிர்வாலும்தான். அதற்காக மந்திரம், தெய்வசக்தி என்று சொல்லித் தப்பிக்கவும் கூடாது. கணக்கு உதைத்தால் கதையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் மனதில் வந்தது யாருக்கும் வரக்கூடியதுதான். ஊரே கூடி நின்று பாடுகிறது, பாட்டின் வேகத்தில் சக்கரம் சுற்றுகிறது. நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாதாரணமாகப் பேசும் ஒருவர் குரலில் வெளிவரும் ஒலியின் திறன் சுமார் 10 மைக்ரோவாட். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் தேறுவது ஏழரை வாட்டுக்கும் குறைவு. கடையில் விற்கிற 9 வாட் எல்இடி பல்புக்குக்கூடக் காணாது. கத்தினால் கூடும், சரி, எவ்வளவு நேரம்தான் கத்துவது?

சத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது வலிக்கிற 120 டெசிபெலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 1 வாட். உச்சி வெயில் அதே இடத்தில் ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. நம் காது அத்தனை கூர்மை. அதனால்தான் இந்தச் சொற்ப சக்தி நமக்கு இரைச்சலாகத் தெரிகிறது.

கூட்டுப்பாட்டுக் காட்சியை அடித்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 11

மழை. நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரியில் இலை வரத்து குறைவு, கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு இதை யோசிக்க நேரம் கிடைத்தது.

இந்த மலையில் சக்தி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் காலடியில் இருக்கிறது: சரிவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒவ்வொரு நொடியும் 100 மீட்டர் கீழே விழுந்தால் கிட்டத்தட்ட 980 வாட். மாவட்டமே வாய் திறந்தும் பல்பு எரியவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் விழுந்து அதைப்போல நூறு மடங்குக்கு மேல் தருகிறது. பைக்காராவில் 1932இல் மின்நிலையம் தொடங்கினார்கள் என்றால் சும்மா இல்லை.

ஆக, என் உலகத்திலும் சக்தியைத் தருவது தண்ணீர்தான். அதை ஊர் ஊராகச் சுமந்து போகிற வேலைதான் ஒலிக்கு. இது பிடிபட்டதும் பாதிக் கதை தானாக நகர்ந்துவிட்டது.

நவம்பர் 16

ராம் பம்பு என்று ஒன்று உண்டு. பழைய எஸ்டேட்டுகளில் ஓடைக்குப் பக்கத்தில் பாசி பிடித்த இரும்புக் குண்டாகக் கிடக்கும். சின்ன வயதில் ஒன்று ஓடிப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து ஒரு குழாய் சரிவில் இறங்கி வரும். கழிவு வால்வு வழியாகத் தண்ணீர் சளசளவென்று வெளியே போகும். போகப் போக வேகம் கூடும். ஒரு கட்டத்தில் அந்த வேகமே வால்வைத் தூக்கி அடைத்துவிடும். டக். ஓடி வந்த தண்ணீர் மொத்தமும் சட்டென்று நிற்க வேண்டியிருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் எகிறும். அந்த அடியில் கொஞ்சம் தண்ணீர் இன்னொரு வால்வைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போகும் குழாயில் ஏறிவிடும். அழுத்தம் இறங்கியதும் கழிவு வால்வு தன் எடையில் விழும், மறுபடி ஓட்டம். டக். டக். குழாயில் கை வைத்தால் ஒவ்வொரு அடியும் முழங்கை வரை ஏறும்.

கரண்டும் இல்லை, டீசலும் இல்லை. வருகிற தண்ணீரில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். ஓடை ஓடுகிற ஊரில் அதைப் பற்றி யாருக்குக் கவலை? 1796இல் இதைச் செய்தவர் பிரான்சின் ஜோசப் மோங்கோல்ஃபியே, தம்பியோடு சேர்ந்து வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்ட அதே ஆள்.

என் ஊரில் ஒவ்வொரு ஓடையிலும் ஒரு ‘இடிப்பெட்டி’ இருக்கும். ஆனால் நொடிக்கு ஒரு அடி என்பது தாளம் மட்டும்தான், அதை வைத்து மில் ஓட்ட முடியாது. சுருதிக்கு நீர்ச்சக்கரம் வேண்டும். சக்கரம் பல்சக்கரங்களைச் சுற்றி, அவை ஒரு பிஸ்டனை நொடிக்கு 50 தடவை தட்டும். சேதி சொல்லவும் நேரம் அறிவிக்கவும் இடிப்பெட்டி, வேலை வாங்கப் பிஸ்டன்.

நவம்பர் 19

குழாயில் அதிர்வை அனுப்பி வேலை வாங்குவது வெறும் கற்பனை இல்லை. ருமேனியாவில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த கோகு கான்ஸ்டான்டினெஸ்கு முதல் உலகப்போரின்போது செய்து காட்டியிருக்கிறார். விமானத்தின் முன்னால் சுழலும் விசிறியில் படாமல் அதன் இடைவெளி வழியாகத் துப்பாக்கி சுட வேண்டும். கம்பி, நெம்புகோல் வைத்துச் செய்த கருவிகள் தேய்ந்து தடுமாறின. இவர் திரவம் நிறைத்த மெல்லிய குழாய் வழியாக எஞ்சினிலிருந்து துப்பாக்கிக்கு அழுத்தத் துடிப்பை அனுப்பினார். 1917இல் அது விமானங்களில் ஏறியது. அடுத்த ஆண்டே, அதிர்வால் சக்தியைக் கடத்துவது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மின்சாரம் அதற்குள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். மின்சாரம் இல்லாத என் உலகத்தில் அந்த மனிதர் ஜெயித்திருப்பார்.

இதில் எனக்குப் பிடித்தது, தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பது. தள்ளல் மட்டும் நொடிக்கு 1,400 மீட்டர் வாக்கில் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை 46 கிலோமீட்டர். மலை ரயில் ஏறி வர அரை நாள் பிடிக்கிறது. பாதையோரமாக ஒரு குழாய் போட்டால் அடி 33 நொடியில் வந்துவிடும். நிஜத்தில் வழியிலேயே தேய்ந்து போகும். அதனால் கதையில் வழிநெடுக மறுபடி தட்டிக் கொடுக்கும் நிலையங்கள்.

நவம்பர் 23

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வரும்போது பர்லியாறு தாண்டி டிரைவர் கியரைக் குறைத்தார். எனக்கு முன்சீட்டு ஜன்னல் கண்ணாடி மட்டும் படபடவென்று ஆடத் தொடங்கியது. மற்ற கண்ணாடிகள் சும்மா இருந்தன. எஞ்சின் வேகம் கொஞ்சம் கூடியதும் இது அடங்கி, பின்னால் ஒரு தகரம் ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சுருதி. அது கிடைத்தால்தான் ஆடும், கிடைத்துவிட்டால் நிற்காது.

வீட்டுக்கு வந்ததும் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்! கதைக்கான திருட்டை. நொடிக்கு 50 அதிர்வு, வேகம் 1,400 மீட்டர் என்றால் ஓர் அலையின் நீளம் 28 மீட்டர். அதில் கால் பங்கு 7 மீட்டர். பெரிய குழாயின் பக்கவாட்டில் 7 மீட்டர் நீளத்துக்கு, முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைப் பொருத்திவிட்டால் அந்தச் சுருதி அதைத் தாண்டிப் போகாது, திரும்பிவிடும். சில சைலன்சர்களில் குறிப்பிட்ட இரைச்சலை அடக்குவதும் இந்த முறையில்தான். ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. கீழ்ஊர் மட்டும் செத்துக் கிடக்கும். முனையில் ஒரு தகட்டை வைத்தால் வந்த சக்தியில் ஒரு பங்கு திருடனுக்கு.

அந்தத் தகட்டுக்கு மிருதங்கத்திடம் கடன் வாங்குகிறேன். சாதாரணத் தோல் முரசின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே ஏற்றும் கருப்புச் சாந்து அவற்றை இசைவாக்கிவிடுகிறது. சி.வி.ராமன் 1920லேயே இதை எழுதியிருக்கிறார். அடிப்படைச் சுருதியையும் அதன் மடங்குகளையும் ஒரே தகடு பிடிக்க வேண்டுமென்றால், என் ஊர்க்காரர்கள் இரும்புத்தூளும் மாவும் பிசைந்து நடுவில் அப்புவார்கள். வீட்டுக்கு வீடு அந்தக் கருப்பு வட்டம் இருக்கும்.

நவம்பர் 30

எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். பேரிங் போகப் போகிறது என்பதை அவர் மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். “வெளி வளையம் பொரிஞ்சிருக்கு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்” என்பார். தாங்கும்.

இன்று கவனித்தேன், பிடியைக் காதுப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. விரல் நுனியை மட்டும் கூட்டின் மேல் வைத்துப் பார்த்தார். கேட்டதற்கு, “காது இப்பெல்லாம் சரியா இல்ல தம்பி. சி.டி.சி. பக்கத்துலயே இருந்தது” என்றார். சி.டி.சி. என்பது தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம். அந்த ரோலர் அறையில் பத்து நிமிடம் நின்றவருக்குப் புரியும். இரைச்சலில் கெடும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் கெடுகிறது. ‘ச’வும் ‘த’வும் கலங்கிவிடும், அதட்டலும் உறுமலும் கேட்கும். ஆனால் விரல் நுனி நொடிக்கு 250 அதிர்வு அருகில் மிகக் கூர்மை. அவருக்கு ஒரு வாசல் மூடி இன்னொன்று திறந்திருக்கிறது என்று அழகாக எழுத மாட்டேன். காது போனது போனதுதான், நஷ்டஈடும் கிடையாது. இருந்தாலும் அந்த விரல் கதைக்குள் வந்தே தீரும்.

என் கதையில் வரும் மாதிக்கு வேலை கற்றுத் தருகிற குருவுக்குக் காது கேட்காது. முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பர் 7

கோத்தகிரி சந்தைக்குப் போய்விட்டு வரும்போது கோத்தர்களைப் பற்றி யோசித்தேன். இந்த மலையில் பரம்பரையாக இரும்படித்தவர்களும் அவர்கள்தான், சுற்றியிருந்த ஊர்களின் சாவுக்கும் சடங்குக்கும் கொம்பும் குழலும் பறையும் வாசித்தவர்களும் அவர்கள்தான். குழாய் வார்ப்பவனும் சுருதி சேர்ப்பவனும் ஒரே ஆளாக இருக்கிற சமூகம் எனக்குக் கற்பனையில் தேவைப்பட்டது. அது இங்கே நிஜமாகவே இருந்திருக்கிறது. அழுத்தம் தாங்கும் குழாய்க்கு இரும்புதான் வேண்டும், மூங்கில் விரிந்து கொடுத்துவிடும். ஆக என் உலகத்தில் கொல்லர்தான் பெரிய ஆள்.

அவர்களையே வேறு பெயர் மாட்டிக் கதையில் இறக்குவதாக இல்லை. மலைவாழ் மக்கள் என்றாலே மர்மசக்தி உள்ளவர்களாக ஆக்குகிற கதைகள் போதும் போதும் என்றாகிவிட்டது. கைத்தொழில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 14

காலையில் ஊட்டிப் பக்கம் உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. தண்ணீரில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 1,482 மீட்டர், 5 டிகிரியில் 1,426. கிட்டத்தட்ட நாலு சதவீதம் குறைகிறது. அலை குறுகுகிறது, மில்கள் சக்தி எடுக்கிற 7 மீட்டர் கிளைக்குழாயும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுருதி சேராது, விடிகாலையில் ஒரு மில்லும் அசையாது. எனவே கிளைக்குழாய்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகிற மாதிரி இருக்கும். விடியுமுன் அவற்றை இழுத்தும் தள்ளியும் சரிசெய்து வருவது மாதியின் வேலை.

மண்ணுக்கடியில் புதைத்தால் குளிர் தாக்காதே என்று அடுத்த கேள்வி. தாக்காதுதான். அப்புறம் யார் வீட்டுக் குழாய் புதைந்திருக்கும், யாருடையது பாறைமேல் கிடக்கும் என்று கேட்டேன், சட்டென்று ஊர் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பங்களாக்களின் குழாய் நாலடி ஆழத்தில். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகிற குழாய் திறந்த சரிவில். பனி பெய்யும் மாதங்களில் லைன் வீட்டுக்காரர்களின் மாவு மில் பத்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், அதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். மூன்று அத்தியாயமாக நான் தேடிக்கொண்டிருந்த சண்டை இதுதான்.

டிசம்பர் 15

விளக்குக்கு என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டது போதும். திரவத்தில் வலுவான ஒலியைச் செலுத்தினால் குமிழிகள் நொறுங்கும்போது ஒளி வரும் என்று 1934இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அந்த வெளிச்சத்தில் படிக்க முடியாது. என் ஊரில் எண்ணெய் விளக்குதான்.

டிசம்பர் 21

ஃபிட்டர் அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன். டீயை ஊதிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். திருட்டுக் கிளைக்குழாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, “அதெல்லாம் சரி தம்பி. லைன்ல காத்து ஏறினா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

இது புத்தகத்தில் படித்து வருகிற கேள்வி இல்லை. தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு காற்றுக்குமிழி கலந்தாலே, சாதாரண அழுத்தத்தில், ஒலியின் வேகம் வெறும் காற்றில் இருப்பதைவிடவும் குறைந்துவிடும். சுருதியெல்லாம் போச்சு. அடியைக் குமிழிகள் மெத்தையாக வாங்கிக்கொள்ளும்.

கேன்டீனிலேயே அவருக்குச் செய்து காட்டினேன். கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர், அதில் இன்ஸ்டன்ட் காபித்தூள் போட்டுக் கலக்கிவிட்டு, டம்ளரின் அடியை உள்ளேயிருந்து ஸ்பூனால் தட்டிக்கொண்டே இருந்தால் முதலில் மந்தமாக ‘டொக் டொக்’ என்று வரும். குமிழிகள் மேலேறி வெளியேற, சத்தம் படிப்படியாக ஏறி ‘டிங் டிங்’ ஆகிவிடும். அவருக்கு அந்த ‘டிங்’ கேட்டதோ என்னவோ, டம்ளரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, “ஆமா, இப்ப இறுகிருச்சு” என்றார்.

“மேடு எங்கெங்க வருதோ அங்கெல்லாம் ஏர் வால்வு வைங்க. காத்து மேட்டுலதான் போய் உக்காரும். அப்புறம் அந்த வால்வுச் சாவி யார் கையில இருக்குன்னு பாருங்க.”

சாயங்காலம் வரைபடத்தில் மேடுகளை எண்ணிக் குறித்தேன். பங்களாத் தெருவுக்கு மேட்டில் வால்வு ஒன்று. லைன் வீடுகளுக்குப் போகிற குழாய் ஐந்து மேடு ஏறி இறங்குகிறது, ஐந்து சாவியும் மேஸ்திரியிடம். நாலாம் அத்தியாயத்தில் மாதி முதலில் திருடப் போவது அந்தச் சாவிக்கொத்தைத்தான்.